டங்… டுட்: கடாரத்துக்கு அப்பால் ஒரு மேளச் சத்தம்

இந்தோனேசியா என்று எழுதினால் போதும், அடுத்த நிமிஷமே யாராவது வந்து ராஜேந்திர சோழன் கப்பல் படத்தைப் போட்டுவிடுவார்கள். எனக்கு அதில் சண்டை இல்லை. 1025ல் சோழர் படை ஸ்ரீவிஜயத்தின் துறைமுகங்களைத் தாக்கியது உண்மை. சுமத்ராவின் மேற்குக் கரையில், பாருஸ் பக்கம் லோபு துவா என்ற இடத்தில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்ததும் உண்மை. (அதை வெட்டி வைத்தது படை இல்லை, ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு. ஆனால் வியாபாரிக்கு யார் மீம் போடுகிறார்கள்?)

என் குறை வேறே. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ஒரு படையெடுப்பைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், எங்கப்பா காலத்தில் நடந்த ஒரு போக்குவரத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை. ஜகார்த்தாவில் சாதாரண ஆளிடம் போய் இந்தியா என்று சொன்னால் ராஜேந்திரன் பெயர் வராது. ஷாருக் கான் வருவார். வயசானவராக இருந்தால் ராஜ் கபூர் வருவார். ஊரில் ஓடின மூன்று சக்கர வண்டிக்கே 'பஜாய்' என்று பெயர், நம்ம பஜாஜ்தான். பாட்டு என்று பேச்சு வந்தால் டங்டுட் வரும். இந்தோனேசியாவில் கோடிக்கணக்கான பேர் கேட்கிற, ஆடுகிற, கல்யாணத்திலும் தேர்தல் மேடையிலும் ஒலிக்கிற இசை அது. அதன் அடித்தளத்தில் இருப்பது ஒரு இந்திய மேளச் சத்தம்.

நான் அதை முதலில் கேட்டது அம்பத்தூரில்தான். எண்பதுகளின் கடைசி. எங்கள் தெருவில் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை பார்த்த ஒருத்தர் இருந்தார். மேடானுக்குப் பக்கத்தில் இருக்கிற பெலாவான் துறைமுகத்திலிருந்து ஒரு கேசட் கொண்டுவந்திருந்தார். அட்டையில் தாடி வைத்த ஒரு ஆள், கையில் எலெக்ட்ரிக் கிட்டார். டூ இன் ஒன்னில் போட்டதும் புல்லாங்குழல், தபலா மாதிரி ஒரு மேளம், இழுத்து இழுத்துப் பாடுகிற ஒரு குரல். ஏதோ ரிலீஸ் ஆகாத தமிழ்ப் படம் என்றுதான் நினைத்தோம். வார்த்தை மட்டும்தான் புரியவில்லை. அந்தத் தாடிக்காரர் ரோமா இராமா என்று தெரிய எனக்கு இன்னும் பதினைந்து வருஷம் ஆயிற்று.

முதலில் பெயரைப் பார்ப்போம். டங்டுட் என்பது ஒரு ஒலிக்குறிப்பு, நம்ம 'டமடம', 'கிணிங் கிணிங்' மாதிரி. தபலாவைப் பார்த்துச் செய்துகொண்ட 'கெண்டாங்' என்ற ஜோடி மேளத்தில் சின்னதைத் தட்டினால் 'டங்'. பெரியதில் அடித்துவிட்டு உள்ளங்கையை அழுத்தித் தள்ளினால் வழுக்குகிற ஒரு சத்தம், அது 'டுட்'. ஒரு தாளச் சுற்று முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்தில் இந்த இரண்டும் அடுத்தடுத்து விழும். உருமியில் குச்சியைத் தேய்க்கும்போது வயிற்றுக்குள் ஒன்று புரளுமே, கிட்டத்தட்ட அந்த வேலையைத்தான் 'டுட்' செய்கிறது. இடுப்பு தானா அசையும்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தப் பெயரை அந்த இசைக்காரர்கள் வைக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் படித்த நகரத்துக்காரர்கள், ராக் இசை ரசிகர்கள், கிண்டலாக வைத்த பெயர் அது. 'அதுவா, அந்த டங்-டுட் டங்-டுட் பாட்டுதானே' என்கிற தொனி. பறையடியை 'டண்டணக்கா' என்று சொல்லிச் சிரிக்கிறவர்களை நமக்குத் தெரியும். அதே வாய்தான் இது. அந்த ஊரில் அந்தக் கிண்டலுக்கு நடந்த கதி வேறு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன், அந்த மேளம் அங்கே போன வழி.

நேராகப் போகவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பார்சி நாடகக் கம்பெனிகள் கப்பலேறி ஊர் ஊராகப் போயின. மெட்ராஸுக்கு வந்தன, நம்ம சங்கீத நாடகத்தில் 'பார்சி மெட்டு' புகுந்தது, மேடையில் ஹார்மோனியம் உட்கார்ந்தது, வண்ணத் திரை தொங்கியது. அதே கம்பெனிகள் பினாங்குக்கும் போயின. அங்கே அதைப் பார்த்து 'பங்சாவான்' என்ற மலாய் இசை நாடகம் பிறந்தது. 1891ல் ஜாவாவின் சுரபயாவில் 'கொமெடி ஸ்தாம்புல்' என்ற குழு கிளம்பியது. அரபுக் கதை, ஐரோப்பிய வாத்தியம், நடுநடுவே பாட்டு, கடைசியில் எல்லாருக்கும் கொஞ்சம் அழுகை. ஆக, நம்ம பாய்ஸ் கம்பெனி நாடகமும் அவர்களுடைய ஸ்தாம்புலும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள். பின்னால் இந்தியச் சினிமா அங்கே போனபோது அந்நியமாகத் தெரியாததற்கு இது ஒரு முக்கியமான காரணம். பேச்சை நிறுத்திவிட்டுத் திடீரென்று பாடுவது ஏன் என்று யாரும் அங்கே கேட்கவில்லை.

இன்னொரு பக்கம் மேடான். டச்சுக்காரர்களின் புகையிலைத் தோட்டங்களுக்காக 1870களிலிருந்து தமிழ்நாட்டுக் கூலிகள் வடக்குச் சுமத்ராவுக்குப் போனார்கள். 1884ல் மேடானில் ஸ்ரீ மாரியம்மன் கோயில் வந்தது. அவர்கள் வாழ்ந்த பகுதிக்குப் பெயர் கம்புங் கெலிங். 'கெலிங்' என்பது கலிங்கத்திலிருந்து வந்து, போகப் போக வசவாக மாறின சொல். இப்போது அந்த இடம் கம்புங் மெட்ராஸ். மேடான் வட்டாரத்து மலாய் இசைக் குழுக்கள்தான் 'ஓர்க்கெஸ் மெலாயு' என்ற வகைக்கு ஒரு முக்கிய ஊற்று. வயலின், அக்கார்டியன், புல்லாங்குழல், மேளம். டங்டுட்டுக்கு நேர் அப்பன் இதுதான்.

இப்போது 1955க்கு வருவோம். நம்ம பக்கத்து ஆவடி அதில் இருக்கிறது.

அந்த வருஷம் ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு. சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானம் நிறைவேறிய மாநாடு. இங்கே பழைய ஆட்கள் இன்றைக்கும் அந்தப் பந்தலைப் பற்றிச் சொல்வார்கள். மூன்றே மாதத்தில், ஏப்ரல் 18 அன்று, நேரு பாண்டுங்கில் இருக்கிறார். சுகர்ணோ கூட்டிய ஆசிய ஆப்பிரிக்க மாநாடு. இந்தியாவும் இந்தோனேசியாவும் தோளில் கை போட்டுக்கொண்டிருந்த காலம். 1950ல் நம்ம முதல் குடியரசு தின விழாவுக்கே சுகர்ணோதான் சிறப்பு விருந்தாளி. தலைவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், கீழே தியேட்டர்களில் ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. எந்த மாநாட்டுத் தீர்மானத்திலும் அது வரவில்லை.

இந்தோனேசியச் சினிமாவின் தந்தை என்று சொல்லப்படுகிற உஸ்மார் இஸ்மாயில் 1950ல் பெர்ஃபினி என்ற கம்பெனியைத் தொடங்கியிருந்தார். இத்தாலியப் பாணியில், சுதந்திரப் போராட்டத்துக்குப் பிந்தைய வாழ்க்கையைப் படமாக்க வேண்டும் என்று கனவு கண்ட மனுஷன். அவருக்கு எதிரி ஹாலிவுட் என்றுதானே நினைப்போம்? இல்லை. முதல் வகுப்புத் தியேட்டர்களை அமெரிக்கப் படங்கள் பிடித்துக்கொண்டன, அங்கே உள்ளூர்ப் படத்துக்கு வாசலிலேயே இடம் இல்லை. மிஞ்சியது இரண்டாம், மூன்றாம் தரத் தியேட்டர்கள். அங்கேதான் இந்தியப் படங்கள் வந்து உட்கார்ந்தன. மலிவாக வாங்கலாம், மூன்று மணி நேரம் ஓடும், பாட்டு இருக்கும், ஜனம் மறுபடி மறுபடி வரும். நம்ம ஊர் டென்ட் கொட்டாய்க்குச் சமமாக அங்கே திறந்தவெளித் தியேட்டர் உண்டு. அதற்கு 'மிஸ்பார்' என்று செல்லப்பெயர். 'தூறினால் கலைந்துபோ' என்பதன் சுருக்கம். தரை டிக்கெட்டுக்கு இதைவிட நல்ல பெயர் எந்த மொழியிலும் இருக்க முடியாது.

ஆக, சண்டை இரண்டு ஏழை நாட்டுச் சினிமாக்களுக்கு நடுவே, தரை டிக்கெட்டுக்காக. உஸ்மார் இந்தியப் படங்களின் 'வெள்ளம்' பற்றி எழுதினார், பேசினார். 1957 மார்ச்சில் இந்தோனேசியத் தயாரிப்பாளர் சங்கமே ஸ்டுடியோக்களை இழுத்து மூடியது. இந்தியப் படங்களோடு போட்டி போட முடியவில்லை, அரசு காப்பாற்றவில்லை என்பது அவர்கள் புகார். பாண்டுங் நட்பின் பெயரில் ஒரு நாட்டின் சினிமாத் தொழிலாளி பட்டினி கிடக்க வேண்டுமா என்று கேட்டால் நான் உஸ்மார் பக்கம்தான் நிற்பேன். ஹாலிவுட்டைப் பற்றி நாம் வைக்கிற புகாரையெல்லாம் நம்மைப் பற்றி இன்னொருவர் வைத்திருக்கிறார் என்பது, தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

அதே உஸ்மார் கடன் தாங்காமல் 1956ல் எடுத்த படம் 'தீகா தாரா', மூன்று பெண்கள். பாட்டு, ஆட்டம், காதல். பிய்த்துக்கொண்டு ஓடியது. இவ்வளவு கேளிக்கையா எடுத்துவிட்டோமே என்று அவருக்கே கூச்சம். இன்றைக்கு அவர் படங்களில் ஜனம் ஆசையாகப் பார்ப்பது அதைத்தான்.

அது சரி, போன படங்கள் எல்லாம் இந்திப் படங்கள்தானே, நமக்கென்ன என்று கேட்கலாம். இந்திப் படம் என்றால் பம்பாய் என்று நினைப்பது பாதிதான் சரி. எஸ்.எஸ்.வாசனின் 'சந்திரலேகா' 1948ல் தமிழிலும் இந்தியிலும் ஜெமினி ஸ்டுடியோவிலிருந்து போனது. ராஜ் கபூரும் நர்கீஸும் நடித்த 'சோரி சோரி' 1956ல் ஏவிஎம் தயாரித்தது. வடபழனியும் ஜெமினி மேம்பாலம் இருக்கிற இடமும் அந்தக் காலத்தில் இந்திப் படத் தொழிற்சாலைகளும்கூட.

மலாய்ச் சினிமா என்ற சுற்றுவழியும் உண்டு. சிங்கப்பூரில் ஷா சகோதரர்களின் ஸ்டுடியோ மலாய்ப் படம் எடுத்தது. டைரக்டர்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போனவர்கள். பி.எஸ்.ராஜ்ஹன்ஸ், ஃபணி மஜும்தார், கூடவே மெட்ராஸில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல்.கிருஷ்ணன். 1950ல் 'பக்தி' என்ற படத்தில் பி.ராம்லியை முதன்முதலில் கதாநாயகன் ஆக்கியவர் இந்தக் கிருஷ்ணன்தான். ராம்லியின் அப்பா அச்சேயிலிருந்து, அதாவது சுமத்ராவிலிருந்து, பினாங்குக்கு வந்தவர். ராம்லி பாட்டுகள் கடலைத் தாண்டித் திரும்பவும் சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் போயின. மெட்ராஸ்காரர் டைரக்ஷன், அச்சே ரத்தம், மலாய் மொழி, ஜகார்த்தா ரசிகர். இதில் எது யாருடையது என்று பிரிப்பது வீண் வேலை.

சினிமா போன வழியில் பாட்டு போனது, பாட்டோடு மேளம் போனது. ஜகார்த்தாவின் ஓர்க்கெஸ் மெலாயு குழுக்கள் இந்திப் பாட்டு மெட்டுகளுக்கு இந்தோனேசிய வரிகள் போட்டுப் பாட ஆரம்பித்தன. பழைய மேளம் போய்த் தபலாச் சத்தம் வந்தது. ஹுசேன் பவாஃபீ எழுதி எல்லியா கதாம் பாடிய ஒரு பாட்டின் பெயரே 'இந்தியாவிலிருந்து வந்த பொம்மை'. மேடையில் எல்லியா இந்திய உடையில், இந்திப் பட நாயகி மாதிரி கையை வளைத்து ஆடிப் பாடுவார். காப்பி என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரே பதில்: அதே வருஷங்களில் நம்ம தமிழ்ப் படங்களும் இந்தி மெட்டுக்கு அச்சு அசலாகத் தமிழ் வரி போட்டுக்கொண்டுதான் இருந்தன. அவர்கள் காப்பி என்றால் நாம் கார்பன் காப்பி.

இரண்டு நாட்டு அரசுக்கும் இது பிடிக்கவில்லை என்பது தனி வேடிக்கை. 1952ல் மத்திய அமைச்சரான பி.வி.கேஸ்கர் ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டுக்குக் கதவைச் சாத்தினார். ஜனம் முள்ளை ரேடியோ சிலோன் பக்கம் திருப்பியது. 1957ல் விவித பாரதி தொடங்கி அரசு இறங்கி வந்தது. அங்கே சுகர்ணோ 1959 சுதந்திர தினப் பேச்சில் மேற்கத்திய ராக் இசையை 'ஙாக்-ஙிக்-ஙொக்' என்று திட்டினார். அதுவும் ஒலிக்குறிப்பு வசவுதான். 1965ல் பீட்டில்ஸ் பாட்டு பாடினதற்காகக் கூஸ் சகோதரர்கள் என்ற பாப் குழுவையே ஜெயிலில் போட்டார்கள். ராக் இசை அடங்கியிருந்த அந்த வருஷங்கள் ஓர்க்கெஸ் மெலாயுவுக்குச் சாதகமாகவே முடிந்தன.

நடுவில் அரசியல் நட்பும் முறிந்தது. 1962ல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு. இஸ்ரேலையும் தைவானையும் சுகர்ணோ அரசு உள்ளே விடவில்லை. இதை எதிர்த்துப் பேசியவர் ஜி.டி.சோந்தி என்ற இந்தியர். அவ்வளவுதான், கூட்டம் இந்தியத் தூதரகத்தைத் தாக்கியது. சேனாயன் மைதானத்தில் நடந்த கால்பந்து இறுதியாட்டத்தில் இந்திய அணிக்கு எதிராக அரங்கமே ஊளையிட்டது. சிக்கந்தராபாத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராம் விளையாடிய அணி அது. அந்தக் கூச்சலுக்கு நடுவே தென்கொரியாவை 2-1 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கினார்கள். நான் நினைத்துப் பார்ப்பது ஒன்றைத்தான்: அன்றைக்கு ஊளையிட்டவர்களில் எத்தனை பேர் வீட்டுக்குப் போய் எல்லியாவின் பொம்மைப் பாட்டை முணுமுணுத்திருப்பார்கள்?

இனி தாடிக்காரர் கதை.

ரோமா இராமா 1946ல் மேற்கு ஜாவாவின் தாசிக்மலாயாவில் பிறந்தவர். சின்ன வயசில் இந்திப் பாட்டும் பாடுவார், எல்விஸும் பாடுவார். பாப் குழுக்களில் இருந்துவிட்டு ஓர்க்கெஸ் மெலாயு பக்கம் வந்தார். அப்படி அவர் பாடிய குழுக்களில் ஒன்றின் பெயர் சந்திரலேகா. சமஸ்கிருதப் பெயர், ஜாவாவில் யாரும் வைக்கலாம்தான். ஆனாலும் அந்தப் பெயரைப் படித்ததும் ஒரு மெட்ராஸ்காரன் கண்ணுக்கு முன்னால் ஜெமினியின் முரசு நடனம் வராமல் போகுமா!

1970ல் சோனெதா என்ற சொந்தக் குழு. டீப் பர்ப்பிள் மாதிரி ராக் குழுக்களின் கிட்டாரையும், அந்தக் கூச்சலையும், மேடை வெளிச்சத்தையும் எடுத்து ஓர்க்கெஸ் மெலாயுவின் மேளத்தோடு கோத்தார். முன்னால் உட்கார்ந்து பாடிய இசையை எழுந்து நின்று ஆட வைத்தார். ராக் ஆட்கள் கொதித்தார்கள். பாண்டுங்கில் ஒரு பாடகர் இதை நாய்க்கழிவு என்றே சொன்னார். அப்போதுதான் அந்த டங்-டுட் கிண்டல் பத்திரிகைகளில் பரவியது. ரோமா என்ன செய்தார்? 'டங்டுட்' என்றே தலைப்பு வைத்து ஒரு பாட்டு போட்டார். பின்னால் 'தெராஜானா' என்ற பெயரில் நாடு முழுக்கப் பாடப்பட்ட பாட்டு அது. இந்தியப் பாட்டின் நயம், மேளத்தின் சத்தம், கேட்டதும் ஆடத் தோன்றுகிற உடம்பு, இதுதான் அதன் பொருள். வசவு அன்றோடு பெயர் ஆகிவிட்டது. அதற்கப்புறம் அதை வசவாகச் சொல்ல யாராலும் முடியவில்லை.

1975ல் ஹஜ் போய்வந்தார். ரோமா என்ற பெயரின் 'ரோ' அப்படி வந்ததுதான்: ராடன் ஹாஜி ஓமா. பாட்டில் புத்திமதி ஏறியது. சூதாடாதே, வேலையில்லாமல் ராத்திரி விழித்திருக்காதே, குடிக்காதே. 1976லிருந்து சினிமா. அதில் அவர் ஏழை, நல்லவர், பாடகர், தேவைப்பட்டால் சண்டையும் போடுவார். பணக்கார வீட்டுப் பெண் காதலிப்பாள். கடைசியில் நியாயம் ஜெயிக்கும். இதைப் படிக்கிற உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கும் அவர்தான் ஞாபகம் வந்தார். அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் ஃப்ரெடரிக் 1982ல் ரோமா பற்றி எழுதிய கட்டுரையை நான் எம்.ஜி.ஆர் பற்றிய கட்டுரையாகவே மனசுக்குள் மாற்றி மாற்றிப் படித்தேன். வருஷம்கூடப் பொருந்துகிறது. 1977 மே 2 அன்று இந்தோனேசியாவில் தேர்தல். சுஹார்த்தோவின் கோல்கருக்கு எதிராக, முஸ்லிம் கட்சிகளைச் சேர்த்துக் கட்டிய பி.பி.பி என்ற கட்சிக்கு ரோமா பிரசாரம் செய்தார். மேடை, கிட்டார், லட்சக்கணக்கில் கூட்டம். ஜூனில் இங்கே சட்டமன்றத் தேர்தல், அ.தி.மு.க 130 இடம். ஜூன் 30 அன்று எம்.ஜி.ஆர் முதலமைச்சர்.

அங்கே? ஜகார்த்தா நகரத்தில் பி.பி.பி கோல்கரை முந்தியது. நாடு முழுக்கப் பார்த்தால் கோல்கருக்கு 62 சதவீதம். சுஹார்த்தோ ஆட்சியில் தேர்தல் என்பது முடிவு தெரிந்த சடங்கு. இரண்டு தேர்தலுக்கு நடுவே கிராமத்தில் கட்சி வேலையே செய்யக் கூடாது என்று விதி. நம்ம ஊரில் ரசிகர் மன்றம் கிளைக் கழகமாக மாறியதே, அந்த வழி அங்கே சட்டப்படி அடைபட்டிருந்தது. ரோமாவுக்குக் கிடைத்த பரிசு, அரசுத் தொலைக்காட்சியான டி.வி.ஆர்.ஐ.யில் பதினோரு வருஷத் தடை. 1988 வரைக்கும் அவர் முகம் டிவியில் வரவில்லை. நாட்டில் அப்போது பெரும்பாலும் இருந்தது அந்த ஒரு சேனல்தான்.

ஆனால் கேசட்டைத் தடை செய்ய முடியவில்லை. மனித உரிமை பற்றி ஒரு பாட்டு, பதின்மூன்றரைக் கோடி ஜனத்தொகை பற்றி ஒரு பாட்டு என்று வந்துகொண்டே இருந்தது. சந்தையில், பஸ்ஸில், மீன்பிடிப் படகில் ஓடியது. அம்பத்தூர் தெருவரைக்கும் வந்தது அந்தக் கேசட்டுகளில் ஒன்றுதான்.

ஒப்பீட்டை இதற்கு மேல் இழுக்கக் கூடாது. எம்.ஜி.ஆருக்குப் பின்னால் இருபது வருஷத் திராவிட இயக்க மேடை இருந்தது. பாட்டெழுத ஒரு பட்டாளமே இருந்தது. ரோமா எழுதுவது, மெட்டுப் போடுவது, பாடுவது, கிட்டார் வாசிப்பது எல்லாம் தானே. பின்னால் அவர் போன பாதையும் அவ்வளவு அழகில்லை. 1997ல் எதிர்த்த அதே கோல்கருக்காகப் பாடினார். 2014ல் ஜனாதிபதி வேட்பாளர் என்ற பேச்சு வந்து அடங்கியது. 2015ல் தனிக்கட்சி தொடங்கினார். அடுத்த தேர்தலுக்கான தகுதிச் சரிபார்ப்பிலேயே அது விழுந்துவிட்டது.

சுஹார்த்தோ அரசு வேறு வழி கண்டுபிடித்தது. ஒழிக்க முடியாததைத் தத்தெடுத்துக்கொள்வது. 1990களில் மூர்தியோனோ என்ற பெரிய அமைச்சரே டங்டுட் ரொம்ப ரொம்ப இந்தோனேசியத் தன்மை உடையது என்று புகழ்ந்தார். ராணுவ அதிகாரிகள் மேடையேறி ஆடினார்கள். அதுவரை அதற்கு இருந்த பட்டம் 'கம்புங்கான்'. கம்புங் என்றால் கிராமம், நகரத்துக் குடிசைப் பகுதியும்தான். நம்ம வாயில் 'லோக்கல்', 'சேரிப் பாட்டு', 'பட்டிக்காடு' என்று வருகிற அத்தனையும் சேர்ந்த ஒரு வார்த்தை. ஜகார்த்தாவைச் சுற்றி ஆலைகள் வந்து, கிராமத்திலிருந்து ஜனம் குவிந்து, கூரைக்கடியில் ஒரு டேப் ரெக்கார்டரோடு வாழ்ந்த வாழ்க்கையின் இசை அது. அம்பத்தூர் எஸ்டேட் ஷிஃப்ட் முடிந்து கள்ளிக்குப்பம், மண்ணூர்பேட்டை பக்கம் ரூம் எடுத்துத் தங்கினவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே அந்த இடத்தில் கானா இருந்தது. சாவு வீட்டில் பாடினார்கள் என்பதற்காகவே சபா வாசலில் நிறுத்தப்பட்ட கானா.

தத்தெடுப்பு என்றால் எல்லாரையும் தத்தெடுப்பது இல்லை. 2003ல் கிழக்கு ஜாவாவிலிருந்து இனுல் தாரதிஸ்தா என்ற பெண் வந்தார். கல்யாண வீட்டில், கிராமத்துக் கொட்டகையில் ஆடிப் பாடிய பெண். திருட்டு விசிடியில் அவர் ஆட்டம் நாடு முழுக்கப் பரவியது. துளைபோடும் மெஷின் மாதிரி இடுப்பைச் சுழற்றுவார், ஆட்டத்துக்குப் பெயரும் அதுவே. எதிர்த்து நின்ற முதல் குரல் யாருடையது? ரோமா இராமாவுடையது. டங்டுட்டைக் கேவலப்படுத்துகிறாள் என்றார். முன்னாள் ஜனாதிபதி அப்துர்ரஹ்மான் வாஹித், பெரிய மதத் தலைவரும்கூட, இனுலுக்கு ஆதரவாகப் பேசினார். முப்பது வருஷம் முன்னால் தன் இசையைக் கேவலம் என்று சொன்னவர்களிடம் ரோமா என்ன பட்டாரோ, அதை ஒரு ஏழைப் பெண்ணுக்கு அவரே செய்தார். அவர் பாட்டு எனக்குப் பிடிக்கும். இந்த இடத்தில் அவரை மன்னிக்க மனசு வரவில்லை. நம்ம ஊரிலும் ஒவ்வொரு கோடையிலும் கோயில் திருவிழா 'ஆடல் பாடல்' நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு மதுரைக் கிளையில் மனு போடுகிறார்கள். ஆபாசம் கூடாது என்று நிபந்தனை வருகிறது. யார் இடுப்பு எவ்வளவு அசையலாம் என்று அளக்கிற வேலை எங்கேயும் ஓயவில்லை.

சினிமாவின் இடத்தை இப்போது சீரியல் பிடித்துவிட்டது. 2014ல் ஏ.என்.டிவி என்ற ஜகார்த்தா சேனல், ஸ்டார் பிளஸ்ஸின் 'மகாபாரத்' தொடரை டப் செய்து போட்டது. அர்ஜுனனாக நடித்த ஷாஹீர் ஷேக் அங்கே ஒரே வருஷத்தில் பெரிய நட்சத்திரம். பல நூற்றாண்டாக நிழல் பொம்மலாட்டத்தில் அர்ஜுனனை ரசித்த ஊர் அது, ஆச்சரியம் இல்லை. அதே தொடரைத் தமிழில் விஜய் டிவியில் நாம் பார்த்தோம். 'உத்தரண்' என்ற இந்தித் தொடர் இங்கே ராஜ் டிவியில் 'சிந்து பைரவி', 'பாலிகா வது' இங்கே 'மண்வாசனை'. இரண்டுமே ஜகார்த்தாவுக்கும் போயின. பூந்தமல்லியில் ஒரு அத்தையும் சுரபயாவில் ஒரு இபுவும் ஒரே மாமியாரைத் திட்டியிருக்கிறார்கள், தங்கள் தங்கள் மொழியில்.

2018ஆம் வருஷத்தில் இரண்டு மேடைகள். ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, கானாவையும் பறையையும் ராக் கிட்டாரோடு சேர்த்துத் திறந்த மேடையில் பாடியது. ரோமா 1970களில் போட்ட அதே கலவை. ஆனால் சாதியைப் பெயர் சொல்லி எதிர்த்த பாட்டு. ஆகஸ்ட் 18 அன்று ஜகார்த்தாவில் மறுபடியும் ஆசிய விளையாட்டு. 1962ல் நம்ம கால்பந்து அணிக்கு ஊளையிட்ட அதே சேனாயன் மைதானம், இப்போது சுகர்ணோ பெயரில். தொடக்க விழாவில் அதிகாரப்பூர்வப் பாட்டைப் பாட வந்தவர் கிழக்கு ஜாவாவைச் சேர்ந்த டங்டுட் பாடகி, வியா வல்லன்.